பழைய மேக்கின்டாஷுக்கு ஈதர்நெட் கம்பி: கேள்வியும் பதிலும்

1984இல் வந்த முதல் மேக்கின்டாஷிலிருந்து 1990களின் பவர் மேக் வரை உள்ள இயந்திரங்களை இன்றைய கம்பி நெட்வொர்க்கில் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. கேட்பவர்கள் மாடல் பெயர், சிஸ்டம் பதிப்பு, மெமரி அளவு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவை தெரியாமல் பதில் சொன்னால் ஊகமாகத்தான் இருக்கும்.

கேள்வி: சார், என் மேக்குக்கு எந்த வழி பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆர்ஜே45 துளை (இன்றைய நெட்வொர்க் கம்பி நேராகப் போகும் துளை) இருந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. பவர் மேக் 7500, 8500, 9500 போன்றவற்றில் அது உண்டு. `<···>` குறி போட்ட சிறிய, தட்டையான, அகலமான துளை இருந்தால் அது ஏஏயூஐ, ஆப்பிளின் சொந்த ஈதர்நெட் துளை. குவாட்ரா 700, 900, 650, 800, பவர் மேக் 6100, 7100, 8100, பவர்புக் 500 வரிசை ஆகியவற்றில் இருப்பது அதுதான். அதற்கு வெளியே மாட்டும் டிரான்சீவர் (அந்தத் துளையை நெட்வொர்க் கம்பியோடு இணைக்கும் சிறு பெட்டி) ஒன்று வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் உள்ளே கார்டு போட வேண்டும். மேக் II வரிசைக்கு நுபஸ் என்ற ஸ்லாட்டுக்கான கார்டு. எஸ்இ, எஸ்இ/30, எல்சி வரிசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிடிஎஸ் (ப்ராசசரோடு நேராகப் பேசும் ஸ்லாட்) கார்டு. எல்சி 575, குவாட்ரா 630 போன்றவற்றில் கம்யூனிகேஷன் ஸ்லாட் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கான கார்டு வேறு எதிலும் உட்காராது. மேக் பிளஸ் போலக் கார்டு போடவே இடமில்லாதவற்றுக்கு ஸ்கஸி (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை மாட்டும் போர்ட்) வழி. ஸ்கஸியும் இல்லாத 128கே, 512கே இரண்டுக்கும் சீரியல் போர்ட் வழியாக லோக்கல்டாக் (ஆப்பிளின் பழைய, மெதுவான நெட்வொர்க் முறை) மட்டுமே.

கேள்வி: குவாட்ரா 700 வைத்திருக்கிறேன். 15 முள் டிரான்சீவர் ஒன்று கிடைத்தது. ஈதர்நெட் துளையில் போகவில்லை, ஆனால் பக்கத்தில் உள்ள வேறொரு துளையில் சரியாகப் பொருந்துகிறது. மாட்டலாமா?

பதில்: மாட்டாதீர்கள். அந்த வேறொரு துளை மானிட்டர் போர்ட். பழைய ஏயூஐ (ஈதர்நெட்டின் பொதுவான பழைய இணைப்பு) டிரான்சீவரும் மேக்கின் மானிட்டர் இணைப்பும் ஒரே வடிவ 15 முள் கனெக்டரைப் பயன்படுத்துகின்றன. ஒற்றுமை அதோடு முடிகிறது.

உங்களுக்கு வேண்டியது ஏஏயூஐ டிரான்சீவர். ஆப்பிள் தானே வகுத்துக்கொண்ட சிறிய இணைப்பு அது. மின்சாரமும் வேறு: ஏயூஐ 12 வோல்ட் தரும், ஏஏயூஐ 5 வோல்ட். வாங்கும்போது மறுமுனையில் ஆர்ஜே45 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிஎன்சி (உருண்டையான கோஆக்சியல் கம்பிக்கான) முனை கொண்டவையும் அதே உருவத்தில் நிறைய வந்தன. ஏஏயூஐ பிளக்கைக் கழற்றும்போது இரு பக்கமும் உள்ள கொக்கிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தால் கொக்கி உடையும்.

கேள்வி: அண்ணா, எஸ்இ-க்கு வந்த ஈதர்நெட் கார்டை எஸ்இ/30-இல் போடலாமா? இரண்டும் ஒரே பெட்டிதானே?

பதில்: பெட்டி ஒன்றுதான் தம்பி, பலகை வேறு. எஸ்இ-யின் ஸ்லாட் 96 முள், 68000 சிப்புக்கானது. எஸ்இ/30-இன் ஸ்லாட் 120 முள், 68030-க்கானது. எல்சி-யின் ஸ்லாட்டுக்கும் 96 முள்தான். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதை நம்பி எல்சி கார்டை எஸ்இ-க்கு வாங்கிவிடாதே, அதுவும் சேராது. எல்சி III-இன் நீண்ட 114 முள் ஸ்லாட்டில் மட்டும் பழைய எல்சி கார்டுகள் உட்காரும்.

எஸ்இ/30-க்கான கார்டு பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும்: ஸ்லாட்டில் நிற்கும் பெரிய பலகை, பின்பக்கத் துளையில் திருகும் சிறிய பலகை, இரண்டையும் இணைக்கும் ரிப்பன் கம்பி. ரிப்பன் இல்லாமல் விற்கப்படும் கார்டு பாதிக் கார்டு. வாங்குமுன் படத்தில் மூன்றும் இருக்கிறதா பார்.

இன்னொன்று. எஸ்இ/30 மதர்போர்டில் உள்ள சிறிய உருளை கெப்பாசிட்டர்கள் கசியும். அவற்றைச் சுற்றி ஈயம் மங்கி, மீன் வாடை அடித்தால் கார்டு தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் கெப்பாசிட்டர்களை மாற்று. கசிந்த திரவம் தடங்களை அரித்தபின் கார்டு சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. அந்தக் கோளாறை டிரைவரில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: மேக் பிளஸ், 4 எம்பி மெமரி, சிஸ்டம் 6. ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு, ஸ்கஸி வழியாக. அந்தக் காலத்தில் டேனா நிறுவனத்தின் ஸ்கஸி/லிங்க், அசாந்தே நிறுவனத்தின் இஎன்/எஸ்சி ஆகிய பெட்டிகள் இதற்காகவே வந்தன. இன்று கிடைப்பது கடினம். கம்பி இணைப்புதான் வேண்டுமென்றால் ராஸ்பெரி பை மேல் உட்காரும் பைஸ்கஸி பலகை நல்ல தேர்வு. அது தன்னை டேனாபோர்ட் ஸ்கஸி/லிங்க்காகக் காட்டிக்கொண்டு, பை-யின் ஆர்ஜே45 வழியாக மேக்கை நெட்வொர்க்கில் சேர்த்துவிடும். அதே பலகை ஹார்ட் டிஸ்க்காகவும் நடிக்கும்.

மூன்று விஷயம் கவனியுங்கள். மேக் பிளஸின் ஸ்கஸி போர்ட் டெர்மினேஷனுக்கான (கம்பியின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) மின்சாரத்தைத் தராது, ஆகவே இணைக்கும் பலகைக்குத் தனி மின்சாரம் கொடுத்தே ஆக வேண்டும். ஸ்கஸி சங்கிலியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் உண்டு: மேக்கின் சொந்த எண் 7, உள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் மாடல்களில் அதற்கு வழக்கமாக 0. நெட்வொர்க் சாதனத்துக்கு இடையில் உள்ள ஓர் எண்ணைக் கொடுங்கள். சங்கிலியின் கடைசிச் சாதனத்தில் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், பிளஸின் ஸ்கஸியே மெதுவானது.

கேள்வி: கார்டு போட்டாச்சு, கம்பி மாட்டியாச்சு. புது 2.5 கிகாபிட் சுவிட்சில் விளக்கே எரியலை. டிரைவரை மூணு தடவை மாத்திட்டேன்.

பதில்: டிரைவரைத் தொடாதீர்கள். இந்த வேலையில் என் ஒரே வற்புறுத்தல் இதுதான்: இணைப்பு விளக்கு எரியும்வரை மென்பொருள் பக்கம் போகவே கூடாது. விளக்கு என்பது கம்பி, டிரான்சீவர், சுவிட்ச் மூன்றுக்கும் இடையிலான விஷயம். பல கார்டுகளில் டிரைவர் ஏறுமுன்பே, மேக் மின்சாரம் பெற்றதும் அது எரிந்துவிடும்.

பழைய மேக் பேசுவது 10பேஸ்-டி, அதாவது நொடிக்கு 10 மெகாபிட். சாதாரண கிகாபிட் சுவிட்சுகள் பெரும்பாலும் 10, 100, 1000 மூன்றையும் ஏற்கும். 2.5 கிகாபிட், 10 கிகாபிட் துளைகளில் பல 10-ஐக் கைவிட்டுவிட்டன. இடையில் பழைய 10/100 சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள், விளக்கு வந்துவிடும். பழைய மேக் வைத்திருப்பவர் அப்படி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச் என்றால் அந்தத் துளையை ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மேக் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இருக்கும். இரண்டும் முரண்பட்டால் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், சின்ன ஃபைல் போகும், பெரிய ஃபைல் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து நின்றுவிடும். தானாகவே முடிவு செய்யும்படி விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐயா, எஸ்இ/30, சிஸ்டம் 7.1, 8 எம்பி. விளக்கு எரிகிறது. மேக்டிசிபி-யில் என்ன போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?

பதில்: சொல்கிறேன். கார்டுக்கான டிரைவர் முதலில். ஆப்பிள் கார்டு என்றால் ஆப்பிளின் நெட்வொர்க் சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர், மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் வட்டு. மேக்டிசிபி (மேக்கை இன்டர்நெட் மொழியான டிசிபி/ஐபி பேசவைக்கும் கன்ட்ரோல் பேனல்) 2.0.6 அல்லது 2.1 வைத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் பேனலில் மேக்டிசிபி-யைத் திறந்தால் மேலே ஐகான்கள் வரிசையாக இருக்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘ஈதர்நெட்’ என்று ஒன்று, ‘ஈதர்டாக்’ என்று ஒன்று. ஈதர்டாக்கைத் தேர்ந்தால் ஐபி பொட்டலங்களை ஆப்பிள்டாக்குக்குள் (ஆப்பிளின் சொந்த நெட்வொர்க் மொழி) சுற்றி அனுப்பும். அதைப் பிரித்தெடுக்க ஒரு கேட்வே இல்லாவிட்டால் உங்கள் ரவுட்டருக்கு எதுவுமே போய்ச் சேராது. ‘ஈதர்நெட்’டைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு ‘மோர்’ பொத்தான். முகவரி பெறும் முறை ‘மேனுவலி’. ‘சர்வர்’ என்பது டிஎச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி தரும் முறை) அல்ல. அது அதற்கு முந்தைய காலத்து முறை. ‘டைனமிகலி’ என்பதும் டிஎச்சிபி அல்ல. மேக்டிசிபி-க்கு டிஎச்சிபி தெரியாது, கையால்தான் போட வேண்டும். வகுப்பு சி, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே இடத்தில் ரவுட்டரின் முகவரி. டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) பெட்டியின் முதல் வரியில் டொமைனுக்கு ஒரு புள்ளி மட்டும், பக்கத்தில் டிஎன்எஸ் முகவரி, அதற்கு அடுத்துள்ள ‘டிஃபால்ட்’ வட்டத்தில் குறி. ஓகே கொடுத்து வெளியே வந்து, முதல் சாளரத்தில் மேக்கின் முகவரியைத் தட்டுங்கள். ரவுட்டர் 100 முதல் 199 வரை தானாக வழங்குகிறது என்றால் நீங்கள் 192.168.1.50 போல அதற்கு வெளியே ஒன்றை எடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் வேறொரு சாதனத்துக்கு அதே முகவரி போய் இரண்டும் முட்டிக்கொள்ளும். பிறகு ரீஸ்டார்ட், அது இல்லாமல் மாற்றம் முழுதாக ஏறாது.

எல்லாம் சரியாக இருந்தும் பெயர்களைக் கண்டுபிடிக்க மறுத்தால், சிஸ்டம் ஃபோல்டரில் வெளியே கிடக்கும் ‘மேக்டிசிபி டிஎன்ஆர்’, பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில் உள்ள ‘மேக்டிசிபி பிரெப்’ இரண்டையும் குப்பையில் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாக உருவாகிவிடும். அமைப்புகளை மறுபடி தட்ட வேண்டியிருக்கும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குவாட்ரா 650, சிஸ்டம் 7.5.5, ஓபன் டிரான்ஸ்போர்ட். டிஎச்சிபி என்று வைத்திருக்கிறேன். ரவுட்டர் பட்டியலில் மேக் வரவே இல்லை. பிங்குக்கும் பதில் இல்லை.

பதில்: ஏதாவது ஒரு நெட் நிரலைத் திறந்தீர்களா? மேக்டிசிபி-க்குப் பின் வந்த ஓபன் டிரான்ஸ்போர்ட், தேவைப்படும்போது மட்டும் டிசிபி/ஐபி-யை ஏற்றும் பழக்கம் உள்ளது. பிரவுசரோ எஃப்டிபி நிரலோ திறக்கும்வரை அது முகவரி கேட்கவே கேட்காது, பிங்குக்கும் வாய் திறக்காது. டிசிபி/ஐபி கன்ட்ரோல் பேனலில் யூசர் மோடை அட்வான்ஸ்டு ஆக்கி, ஆப்ஷன்ஸ் உள்ளே ‘லோட் ஒன்லி வென் நீடெட்’ குறியை எடுத்துவிடுங்கள். ‘கனெக்ட் வயா’ இடத்தில் ஈதர்நெட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் பிறகும் டிஎச்சிபி தகராறு செய்தால் முகவரியைக் கையால் கொடுத்துச் சோதியுங்கள். அது போனால் கம்பியிலும் டிரைவரிலும் குறை இல்லை.

ஓபன் டிரான்ஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 68030 வேண்டும். 68000, 68020 இயந்திரங்கள் மேக்டிசிபி-யோடுதான்.

கேள்வி: லோக்கல்டாக்கை ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி வாங்கினேன். ஃபைல் ஷேரிங் வேலை செய்கிறது, ஐபி மட்டும் போகவில்லை. பெட்டி கெட்டதா?

பதில்: கெடவில்லை. அசாந்தேடாக் போன்ற பெட்டிகள் ஆப்பிள்டாக்கை மட்டும்தான் கடத்தும். ஐபி போக வேண்டுமென்றால் மேக்ஐபி கேட்வே (ஆப்பிள்டாக்குக்குள் வரும் ஐபி-யைப் பிரித்தெடுப்பது) ஒன்று அந்தப் பக்கம் இருக்க வேண்டும். லினக்ஸ் கணினியில் ஓடும் மேக்ஐபிஜிடபிள்யூ அதற்கானது. அது வந்தபின் மேக்டிசிபி-யில் லோக்கல்டாக் ஐகானைத் தேர்ந்து, முகவரி முறையைச் ‘சர்வர்’ என்று வையுங்கள். மேலே வேண்டாம் என்று சொன்ன அதே ‘சர்வர்’ இங்கே பொருந்தும். லோக்கல்டாக்கின் உச்ச வேகம் நொடிக்கு 230.4 கிலோபிட் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் நுபஸ் கார்டில் பிஎன்சி மட்டும்தான் இருக்கிறது.

பதில்: அது 10பேஸ்2, கோஆக்சியல் கம்பியில் ஓடும் பழைய ஈதர்நெட். பிஎன்சி, ஆர்ஜே45 இரண்டும் உள்ள பழைய ஹப் ஒன்று தேடிப்பிடியுங்கள். இடையில் ஆர்ஜி-58 கம்பி, 50 ஓம். டிவி கம்பி 75 ஓம், அதைப் போடாதீர்கள். இரு முனையிலும் டி கனெக்டர், அதில் 50 ஓம் டெர்மினேட்டர். ஹப்பின் உள்ளேயே டெர்மினேட்டர் இருந்தால் அந்த முனைக்கு வேண்டாம். குறைந்தது அரை மீட்டர் கம்பி, அதிகபட்சம் 185 மீட்டர். கார்டிலிருந்தும் ஹப்பிலிருந்தும் டி-களைக் கழற்றிவிட்டு, ஒரு டி-யின் நடுமுள்ளுக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு டெர்மினேட்டரும் சரியாக இருந்தால் ஏறத்தாழ 25 ஓம் காட்டும். 50 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் ஆப்பிள்டாக் ஆஃப் ஆகி இருக்கிறது, தேதியும் தப்பு.

பதில்: பேட்டரி செத்துவிட்டது. ஆப்பிள்டாக் நிலை பிராமில் (பேட்டரியால் நினைவு வைக்கும் சிறு மெமரி) இருக்கிறது. பெரும்பாலான மாடல்களுக்கு 3.6 வோல்ட், அரை ஏஏ அளவு லித்தியம் பேட்டரி. பழையதை இன்றே எடுத்துவிடுங்கள்; அவை வெடித்து மதர்போர்டையே அரித்துவிடும்.

கேள்வி: நெட் இல்லாமல் டிரைவரை உள்ளே எப்படிக் கொண்டு போவது?

பதில்: மேக்கில் சூப்பர்டிரைவ் ஃபிளாப்பி இருந்தால் 1.44 எம்பி வட்டு வழியாக; யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவால் அதை எழுத முடியும். 800கே வட்டை அதனால் எழுத முடியாது, அதற்கு ஃபிளாப்பி எமு (ஃபிளாப்பி டிரைவாக நடிக்கும் சாதனம்) அல்லது ஸ்கஸி எமுலேட்டர். ஃபைலைப் பிரிக்காமல், வட்டு இமேஜாகவோ .சிட், .எச்கியூஎக்ஸ் வடிவிலோ அப்படியே கொண்டு போங்கள். விண்டோஸில் பிரித்தால் ரிசோர்ஸ் ஃபோர்க் (மேக் ஃபைலின் இரண்டாவது பகுதி) போய்விடும், மேக்கில் வெறும் காகித ஐகான்தான் மிஞ்சும்.

கேள்வி: எல்லாம் இணைந்துவிட்டது. ஆனால் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. ஃபைல் மாற்றவாவது வழி சொல்லுங்கள்.

பதில்: இன்றைய தளங்கள் எச்டிடிபிஎஸ் கேட்கும், உங்கள் பிரவுசருக்கு அந்த மறையாக்கம் தெரியாது. உள்நெட்வொர்க்கில் ஒரு ப்ராக்ஸி வைத்து, அது எச்டிடிபிஎஸ்-ஐப் பேசி மேக்குக்கு எளிய எச்டிடிபி-யாகத் தரும்படி செய்யலாம். ஃபைலுக்கு எஃப்டிபி போதும். மேக்கில் ஃபெட்ச் நிரல்.

சூசரில் (மேக்கில் சர்வர், பிரிண்டரைத் தேரும் இடம்) ஐகானாகத் தெரியும் சர்வர் வேண்டுமென்றால் லினக்ஸில் நெட்டாடாக் என்ற சர்வர் நிரல். அதன் 3 வரிசையில் ஆப்பிள்டாக் எடுக்கப்பட்டிருந்தது. 2 வரிசையோ, 2024இல் அதைத் திரும்பக் கொண்டுவந்த 4-ஓ போடுங்கள். பகிரும் ஃபோல்டரின் அளவை அமைப்பில் 2 ஜிபி-க்குக் கீழே காட்டச் சொல்லுங்கள். பெரிய வட்டைப் பார்த்தால் பழைய சிஸ்டம் மீதி இடத்தைத் தவறாகக் கணக்கிட்டு, இடமில்லை என்று நகலெடுக்க மறுக்கும். கடவுச்சொல் 8 எழுத்துக்குள் இருக்கட்டும். அது மறையாக்கம் இல்லாமல் போகவும் கூடும் என்பதால், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள். ரவுட்டரில் இந்த மேக்குக்காக வெளியிலிருந்து எந்தப் போர்ட்டையும் திறந்துவிடாதீர்கள்.