மடமும் சௌங், பள்ளியும் சௌங்!

கேள்வி: பேரனைச் சேர்த்த பள்ளிக்கூடத்தையும் பர்மியர் ‘சௌங்’ என்கிறார்கள், பொங்கிகள் (புத்த பிக்குகள்) இருக்கிற மடத்தையும் ‘சௌங்’ என்கிறார்கள். ஏன் ஒரே பெயர்? நம் தமிழ்ப் பையன்களும் பொங்கியிடம் படித்தார்களாமே?
– ஒரு வாசகி, மோல்மீன்

பதில்: அம்மா, ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வெள்ளைக்காரர் வருவதற்கு முன் ஊர்ப் பையன்கள் எழுத்துப் படித்ததே மடத்தில்தான். மாணவனைச் ‘சௌங்தா’ என்கிறோமே, அதற்கு மடத்து மகன் என்று பொருள்.

நானும் மடத்து மகன்தான். தட்டோன் பக்கம் எங்கள் ஊர். ஆறு வயதில் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைக் கொண்டுபோய் விட்டார். செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு மூன்று முறை விழுந்து கும்பிட்டேன். கரி பூசிய மரப்பலகை, எழுத மாக்கல் குச்சி. ‘கா ஜீ, கா க்வே’ என்று பர்மிய எழுத்துகளை எல்லாரும் ஒரே குரலில் கத்துவோம். சத்தம் குறைந்தால் உள்ளேயிருந்து சயாடோ, அதாவது மடத்துத் தலைமைப் பிக்கு, தொண்டையைச் செருமுவார். உடனே கூரை அதிரும்.

ஞாயிறு லீவு கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமிகள், அவைதான் லீவு. பாலி மொழியில் மங்கள சூத்திரம் என்ற புத்தர் உபதேசத்தைப் பொருள் தெரியாமலே ஒப்பிப்போம். மூடரோடு சேராதே, அறிவுடையோரோடு சேர் என்றுதான் அது தொடங்குகிறது. பிறகு வீட்டில் அம்மா குறளில் ‘சிற்றினம் சேராமை’ சொல்லித் தந்தபோது, “இது சயாடோ சொன்னதாச்சே!” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு ஷின்பியு, அதாவது சிறுவனை இளம் துறவியாக மடத்தில் சேர்க்கும் சடங்கு, நடந்தது. சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்த நினைவாக இளவரசன் வேஷம், குதிரை ஊர்வலம், அப்புறம் மொட்டை. மயிர் தரையில் விழாமல் அவன் அம்மாவும் அக்காவும் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்திருந்தார்கள். அம்மாவின் கை நடுங்கியது. என்னைத் துறவு பூணச் சொல்லி யாரும் ஒருநாளும் கேட்டதில்லை, திருநீறோடுதான் போய்வந்தேன்.

1860களில் கமிஷனர் ஆர்தர் பேயர், மடங்களிலேயே கணக்கும் பூகோளமும் சொல்லித்தர முயன்றார். பொங்கிகள் பலர் இசையவில்லை. அப்புறம் மிஷன் பள்ளி, சர்க்கார் பள்ளி என்று பெருகின. அவற்றுக்கும் சௌங் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

ஒன்று மட்டும் எனக்கு அன்றும் வருத்தம்: என் தங்கை வாசலோடு நின்றுவிடுவாள், மடத்துப் படிப்பு பையன்களுக்கே. இப்போது அப்படியில்லை. மாண்டலேயில் 1993இல் தொடங்கிய பௌங்தோ ஊ மடத்துப் பள்ளியில் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தங்கையின் பேத்தியும் எங்கள் ஊர் மடத்தில் ‘கா ஜீ, கா க்வே’ கத்துகிறாள்.