மொத்தப் பணம் கொடுத்துச் சென்னையில் பிளாட்: வங்கி பார்க்காததை யார் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் கீழக்கரை. மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது எங்கள் வழக்கம். மருமகனுக்குச் சென்னை மண்ணடியில் கடை என்பதால், ஊரில் கட்டுவதற்குப் பதில் அங்கேயே மகள் பெயரில் ஒரு பிளாட் வாங்க நினைக்கிறோம். ஊர் மனையை விற்ற பணமும் துபாயில் இருக்கும் மகன் அனுப்பியதும் சேர்த்து 48 லட்சம் ரூபாய் இருக்கிறது. வட்டி என்பதால் வங்கிக் கடன் வேண்டாம். திருவொற்றியூரில் 2010-இல் கட்டிய இரண்டு படுக்கையறை பிளாட் 42 லட்சத்துக்கு வருகிறது. உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் தம்பியிடம் பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறது. கூடுவாஞ்சேரி பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் புது பிளாட் 45 லட்சம். எதை வாங்கலாம்?

பதில்: இடத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் திருவொற்றியூர்தான். மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூரில் ஏறி நேரே மண்ணடி நிலையத்தில் இறங்கலாம். வண்டி மாற வேண்டியதில்லை, அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது, ஆனால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் தாம்பரமும் பக்கம், ஊருக்கு வந்துபோக வசதி என்று அந்தப் பக்கத்தைப் பலரும் சொல்வார்கள். உண்மைதான், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததோடு தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலும் வந்துவிட்டது. ஆனால் மருமகன் ஊருக்கு வருவது எப்போதாவது, கடைக்குப் போவது தினமும்.

இனி பணக் கணக்கு. பழைய பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்கு இதைக் கட்ட வேண்டும். 42 லட்சத்துக்கு 3 லட்சத்து 78 ஆயிரம் வரும். பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வரும் பிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து சலுகை உண்டு. 50 லட்சம் வரை 4 சதவீதமும் 2 சதவீதமும்தான். 45 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இதைக் கேட்டதும் புதியது மலிவு என்று தோன்றும். ஆனால் பணி நிறைவுச் சான்று வாங்காத கட்டடம் என்றால் ஜி.எஸ்.டி. உண்டு. மலிவு வீட்டு வரையறைக்குள் அடங்கினால் 1 சதவீதம், இல்லையென்றால் 5 சதவீதம். 1 சதவீதம் என்றாலே மொத்தம் 48 லட்சத்தைத் தாண்டிவிடும், 5 என்றால் கிட்டத்தட்ட 50 லட்சம். கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, சங்க வைப்புத்தொகை என்று பில்டர் பிறகு நீட்டும் சீட்டு இதில் சேரவில்லை. உங்கள் கையிருப்பில் அது அடங்காது. பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று யாராவது சொன்னால், அது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு மட்டும்.

ஆக, திருவொற்றியூர் பிளாட்டைத்தான் நன்றாகத் துருவிப் பார்க்க வேண்டும்.

கடன் வாங்குபவருக்கு வங்கி ஒரு வக்கீலை வைத்து மூலப் பத்திரம் முதல் பார்க்கும், ஒரு இன்ஜினியரை அனுப்பிக் கட்டடத்தை அளக்கும். வங்கியின் பணத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் என்றாலும் வாங்குபவரும் அந்த நிழலில் தப்பித்துக்கொள்கிறார். நீங்கள் மொத்தப் பணத்தோடு போகிறீர்கள். "பாய், டாக்குமென்ட் எல்லாம் கிளியர், பத்து நாளில் பத்திரம் போட்டுடலாம்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவதும் அதனால்தான். சில சொத்துகள் கடன் வாங்காத ஆளைத் தேடி அலையும், ஏனென்றால் எந்த வங்கியும் அவற்றைத் தொடாது. முதல் வேலையாக, அதே கட்டடத்தில் வேறு யாராவது வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் அந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு வக்கீல் கருத்துரை எழுதியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பக்குவமாகக் கேட்டால் நகல் கிடைக்கலாம். யாருமே கடனில் வாங்கவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள்.

வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், 1975 முதல் கிடைக்கும். பிளாட் எண்ணை மட்டும் கொடுத்துப் போடாதீர்கள், நிலத்தின் முழு சர்வே எண்ணுக்கும் போடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை இடையில் மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். தாள் கைக்கு வந்ததும் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்ற இரண்டு கட்டங்களையும் விரல் வைத்துப் படியுங்கள். முந்தின பத்திரத்தில் எழுதி வாங்கியவர்தான் அடுத்த பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவராக வர வேண்டும். நடுவில் புதுப் பெயர் முளைத்தால் வாரிசுரிமை, பாகப்பிரிவினை, பவர் இவற்றில் ஒன்று விடுபட்டிருக்கிறது. "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு கண்ணில் பட்டால் அது வங்கி அடமானம். அதற்குப் பிறகு அதே பத்திர எண்ணைக் குறிப்பிட்டு "இரசீது" என்று ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், கடன் அடைந்துவிட்டது என்று எத்தனை பேர் சத்தியம் செய்தாலும் தாளில் அடையவில்லை. அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்பார்கள் சிலர். தனியாரிடம் பதிவு செய்யாமல் அடகு வைத்திருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது, ஆனால் அசல் பத்திரம் விற்பவர் கையில் இருக்காது. அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

திருவொற்றியூர் கோயில் ஊர். நம் பக்கம் தர்கா, பள்ளிவாசல், கோயில் நிலம் என்றால் எப்படி விசாரிப்போமோ அதே விசாரணை அங்கும் வேண்டும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். திருவொற்றியூர் நகராட்சி 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2010 கட்டடம் என்பதால் அனுமதித் தாளில் நகராட்சியின் பெயர் இருந்தால் பதற வேண்டாம்.

அந்த அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தின் எதிரே நின்று மாடிகளை எண்ணுங்கள். வரைபடத்தில் ஆறு பிளாட், நேரில் எட்டு என்றால், மேலே உள்ள இரண்டுக்கும் அனுமதி இல்லை. அவற்றில் ஒன்றைத்தான் உங்களுக்குக் காட்டுகிறார்களோ என்று பாருங்கள். பிரிபடாத நிலப் பங்கும், அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒவ்வொரு பிளாட்டுக்கும் உரிய பங்கும், இதோடு சேர்ந்த விஷயம். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. ஆறு வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 400. எட்டு வீடு ஆனபோது அந்தக் கூடுதல் இரண்டுக்கும் பங்கு யாரிடமிருந்து போனது என்பது பத்திரங்களைக் கூட்டிப் பார்த்தால் தெரியும். உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கும் பங்குதான் நாளைக்குச் சொத்து. கட்டடம் பழசாகிக்கொண்டே போகும். 2022-இன் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அன்றைக்கு உங்கள் மகளுக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும்.

உப்புக்காற்று கம்பியை என்ன செய்யும் என்று கீழக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் அடித்த ஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், படிக்கட்டின் அடி, சன்ஷேடின் விளிம்பு இந்த மூன்றையும் பாருங்கள். கான்கிரீட் உப்பிப் பழுப்புக் கறை இறங்கியிருந்தால், ஒரு நாணயத்தால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப்போகாமல் விலை பேச வேண்டாம். கீழே மின் மீட்டர் பெட்டியை வழக்கத்துக்கு மேல் உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். மழைநீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரர் சொல்லாததை அது சொல்லும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது சிங்கப்பூர் உரிமையாளர்தான். பவர் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். வாடகை வசூலிக்கவும் வரி கட்டவும் மட்டும் அதிகாரம் கொடுத்த பவரை வைத்து விற்க முடியாது, கிரையம் எழுதிக்கொடுக்கும் அதிகாரம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதியது என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் இருக்க வேண்டும், இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் செத்துவிடும். அதனால் சமீபத்திய உயிர்வாழ் சான்று கேளுங்கள், அதோடு விற்பவரை ஒருமுறை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு விலையைச் சொல்லிப் பேசுங்கள். அண்ணனுக்கு 36 லட்சம் என்று சொல்லி வைத்திருக்கும் தம்பிகளும் உண்டு!

இதில் வரி ஒன்று ஒளிந்திருக்கிறது. 50 லட்சத்துக்குக் கீழ் என்றால் வரிப் பிடித்தம் கிடையாது என்று புரோக்கர் அடித்துச் சொல்வார். அது விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால்தான். வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் அந்த 50 லட்ச வரம்பு இல்லை. குறைவாகப் பிடித்தால் போதும் என்ற சான்றை வருமான வரித்துறையிடமிருந்து அவர் வாங்கித் தராவிட்டால், விலையில் கணிசமான பங்கை நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் துறை உங்களைத்தான் கேட்கும். சான்று வரச் சில வாரம் ஆகும் என்றால் காத்திருங்கள். பணம் விற்பவரின் இந்திய வங்கிக் கணக்குக்கே போகட்டும், தம்பியின் கணக்குக்கு வேண்டாம். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாறினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் என்பது சட்டம். "கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் கறுப்பு" என்ற பேச்சே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விற்ற ஊர் மனையில் லாபம் வந்திருந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. அந்தப் பணத்தில் இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்கினால் விலக்குக் கேட்கலாம், ஆனால் வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான் பாதுகாப்பான நிலை. மகள் பெயரில் வாங்கினால் விலக்குக் கிடைக்குமா என்பதில் வழக்குகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. உங்கள் பெயரில் வாங்கிப் பிறகு மகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதலாமே என்றால், குடும்பத்துக்குள் அதற்குச் செலவு குறைவுதான். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஆனால் விலக்குப் பெற்ற வீட்டை மூன்று வருடத்துக்குள் கைமாற்றினால் அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். ஆகவே முதலில் ஆடிட்டரிடம் லாபத்தைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வரி ஒன்றிரண்டு லட்சத்துக்குள் அடங்கினால் கட்டிவிட்டு நேரே மகள் பெயரில் வாங்குவதையே நான் சொல்வேன். பெரிய தொகை என்றால் உங்கள் பெயரில் வாங்கி மூன்று வருடம் பொறுங்கள், சம்பந்தி வீட்டாருக்கு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுங்கள். வரிக்கும் இந்த 48 லட்சத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மகன் அனுப்பிய பணம் அன்பளிப்பா, அவருக்கும் பங்கு உண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

42 லட்சம் விலையும் பத்திரச் செலவும் சேர்ந்தாலே 45 லட்சத்து 78 ஆயிரம். வக்கீல், இன்ஜினியர், பழுது பார்ப்பது, வரி எல்லாம் மீதியில்தான். எனவே 40-க்குக் கேளுங்கள். தாள்கள் சரியாக இருந்தால், கடன் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒரே தவணையில் கொடுக்கும் உங்களுக்கு இறங்கி வருவார்கள். டோக்கன் சிறிதாக, வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். பெரிய அட்வான்ஸ் என்றால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டுதான். வக்கீலைச் சென்னையிலேயே பிடியுங்கள், புரோக்கர் சிபாரிசு செய்பவரை மட்டும் வேண்டாம். தாள் சரியில்லை என்று அவர் சொன்னால், அதே மெட்ரோ தடத்தில் தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை பக்கம் வேறு பிளாட் பாருங்கள். "வாரிய வீடு, பாதி விலை" என்று யாராவது வந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கிய வீட்டைக் கிரையப் பத்திரம் வாங்காத ஒதுக்கீட்டாளர் வெறும் ஒப்பந்தத்தில் விற்றால், உங்கள் மகளுக்குக் கிடைப்பது சாவி மட்டும்தான்.