வியட்நாமில் நாய்க்கறி சாப்பிட்டால் ரேபிஸ் வருமா? நாய்க்கறிக்கு எதிரான பிரச்சாரத்தில் நியாயம் உண்டா?

வேலை விஷயமாக ஹனோய் போகிறீர்கள், அங்கே கூட வேலை செய்பவர்கள் நாய்க்கறி விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவம் படித்தவன். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

நன்றாக வேகவைத்த கறியால் ரேபிஸ் வருவதாகச் சொல்ல முடியாது. அந்த வைரஸ் சூடு தாங்காது. ஆனால் கேள்வி அத்தோடு முடிந்துவிடவில்லை. ஆபத்து தட்டில் இல்லை, அறுக்கிறவர் கையில் இருக்கிறது.

2009இல் ஹனோய் மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவரையும் நாய் கடித்ததாகத் தெரியவில்லை. ஒருவர் சாலையில் அடிபட்டுச் செத்த நாயை அறுத்துச் சமைத்தவர். இன்னொருவர் நோய்வாய்ப்பட்டிருந்த பூனையை அறுத்தவர். இருவருமே ரேபிஸ் வந்து இறந்தார்கள். நாயைச் சமைத்தவரோடு உட்கார்ந்து அதே கறியைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது: வைரஸ் இருப்பது எச்சிலிலும் மூளையிலும் நரம்புகளிலும். மண்டையைப் பிளக்கும்போது எலும்புச் சில்லு விரலில் கீறினால் போதும். நோயின் அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும், ஆகையால் பார்க்க நன்றாக இருக்கிற நாயும் நம்பத்தக்கதல்ல. கூண்டிலிருந்து நாயை இழுப்பவர், வாயைக் கட்டுபவர், அறுப்பவர், கழுவித் துண்டு போடுகிற வீட்டுப் பெண் என்று வரிசையாக எல்லோருக்கும் இது பொருந்தும். விருந்துக்கு வந்து உட்காருபவர் இந்த வரிசையிலேயே இல்லை.

அடுத்தது, இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. கோழி, பன்றி மாதிரி பண்ணையில் வளர்த்து வருபவை குறைவு. திருடப்பட்ட வீட்டு நாய்கள், ஊர் ஊராக விலைக்கு வாங்கியவை, தெருவில் பிடித்தவை எல்லாம் ஒரே கூண்டில் அடைபட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். முன்பு தாய்லாந்து, லாவோஸிலிருந்துகூட லாரி லாரியாகக் கடத்தி வந்தார்கள். 2013இல் அந்த நாடுகள் கூடிப் பேசி எல்லை தாண்டிய வியாபாரத்தை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டன. ஓர் ஊரில் ரேபிஸ் ஒழிய வேண்டுமானால் அங்குள்ள நாய்களில் சுமார் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஊசி போட்ட நாயைத் திருடிக்கொண்டு போனால் கணக்கு குறைகிறது. ஊசி போடாத நாயை வேறு மாகாணத்துக்கு ஏற்றிப் போனால் நோயும் கூடவே பயணம் செய்கிறது. கறி தின்னாதவருக்கும் இதில் பங்கு உண்டு என்பது இதனால்தான். 2023இல் வியட்நாமில் ரேபிஸால் 82 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலும் சாதாரண நாய்க்கடிதான், கறிக்கடையால் வந்தது அல்ல. இதை மறைத்துவிட்டுப் பிரச்சாரம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மற்ற நோய்கள்? அறுப்பவருக்கு எலிக்காய்ச்சல், சரியாக வேகாத கறியில் டிரிகினெல்லா புழு. நாய் பிடிக்க விஷம் வைக்கிற இடங்களில் அந்த விஷம் கறியிலும் இருக்கலாம், அது வேகவைத்தால் போகும் என்று நம்ப வேண்டாம். 2007இல் வட வியட்நாமில் காலரா பரவியபோது, நாய்க்கறிக்குத் தொட்டுக்கொள்ளும் இறால் விழுதைத்தான் முதலில் சந்தேகப்பட்டு விற்பனையை நிறுத்தினார்கள்.

பிரச்சாரத்துக்கு வருவோம். 2018இல் ஹனோய் மாநகர நிர்வாகம் நாய், பூனைக் கறியை விட்டுவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. ரேபிஸ், எலிக்காய்ச்சலோடு, வெளிநாட்டவர் கண்ணில் நகரத்தின் பெயர் கெடுகிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. இந்த மூன்றாவது காரணம் சேர்த்தது தப்பு என்பது என் கருத்து. வெள்ளைக்காரனுக்காக நான் ஏன் விட வேண்டும் என்று யாருக்கும் ரோஷம் வரத்தானே செய்யும்? அதேபோல ரத்தம் வழியும் படத்தைப் போட்டு, 'தின்றால் சாவாய்' என்பதும் எடுபடாது. இருபது வருஷமாகத் தின்றவர் சிரித்துவிட்டுப் போவார். அறுக்கிற தொழிலாளிக்கு முன்கூட்டியே தடுப்பூசி, தொழிலை விட நினைக்கிறவருக்கு வேறு பிழைப்பு, திருட்டு நாய்க்குக் கடும் தண்டனை, இவற்றைக் கேட்கிற பிரச்சாரம்தான் என்னைப் பொறுத்தவரை உருப்படியானது. மத்திய வியட்நாமில் உள்ள ஹோய் ஆன் நகரம் 2021இல் இந்த வியாபாரத்தைப் படிப்படியாக நிறுத்துவதாக ஒப்பந்தம் போட்டது.

'நாம் ஆடு, மாடு தின்னவில்லையா, நாய் மட்டும் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அருவருப்பு ஒரு வாதமே அல்ல. ஆனால் ஆட்டுக்கு அறுப்பதற்கு முன்னும் பின்னும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சட்டமாவது இருக்கிறது. நாய்க்கும் அப்படிச் சட்டம் போட்டால் போச்சு என்பீர்கள். தென்கொரியாவில் பண்ணை வைத்தே வளர்த்தார்கள், அங்கேயும் நாயைக் கால்நடை இறைச்சிக்கான சுகாதாரச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. கடைசியில் 2024 ஜனவரியில் நாடாளுமன்றம் எதிர்ப்பு வாக்கே இல்லாமல் தடைச் சட்டம் நிறைவேற்றியது. தொழிலை மூட 2027 வரை அவகாசமும் கொடுத்தது.

நம் ஊரில் 2018இல் எழும்பூர் ரயில் நிலையத்தில் பிடிபட்ட கறியை நாய்க்கறி என்று ஊரே பேசியது, பிரியாணிக் கடைகள் காற்று வாங்கின. கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்தபோது அது ஆட்டுக்கறி. வாட்ஸ்அப் படத்தை நம்பிப் பயப்படுவதும் பொது சுகாதாரமும் வேறு வேறு.

சரி, உங்கள் விருந்துக்கு. அங்கே சந்திர மாதக் கடைசியில் பீடை கழிய என்று நாய்க்கறி சாப்பிடுகிற வழக்கம் உண்டு, அப்போதுதான் கூப்பிடுவார்கள். நான் சைவம் என்று சொல்லிவிடுங்கள். பௌத்த விரதம் தெரிந்தவர்கள், வற்புறுத்த மாட்டார்கள். போவதற்கு முன் ரேபிஸ் முன்தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே எந்த நாயாவது கடித்தாலோ, கீறினாலோ உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். ஆர்வக்கோளாறில் சமையலறைப் பக்கம் போய் அறுப்பதற்கு மட்டும் கை கொடுக்காதீர்கள்.