எம்டிபி (மவுண்டன் பைக், அதாவது கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) ரைடுக்குப் போகும்போது பையில் என்னென்ன டூல்ஸ், அவசரப் பொருட்கள் வைத்துக்கொள்வீர்கள்?

நான் ஓட்டுவது சென்னைப் பக்கம். ஞாயிறு விடியும் முன்பே ஓ.எம்.ஆர். வழியாகக் கிளம்பி தையூர், திருப்போரூர் பக்கத்து ஏரிக்கரைகளிலும் மண்பாதைகளிலும் சுற்றிவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். இங்கே பாறையைவிட சீமைக்கருவேல முள்தான் பெரிய தொல்லை. அதனால் என் பையில் பாதி இடம் பஞ்சருக்கே போய்விடும்.

இரண்டு டியூப், டயர் லீவர், பேட்ச் கிட், கைப்பம்பு, அப்புறம் ஒரு முள்வாங்கி. இந்த முள்வாங்கியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கருவேல முள் ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றிலும் தடவுங்கள். துணி மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் சில நிமிடங்களில் போய்விடும்.

ஸ்பேர் டியூபை மல்டி டூலோடு ஒன்றாகப் போடாதீர்கள். நான் மாதக்கணக்கில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருநாள் ஏரிக்கரையில் பஞ்சரானபோது எடுத்து மாட்டினால் காற்று நிற்கவில்லை. இரும்பு உரசி உரசி ஓட்டை விழுந்திருந்தது. மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனேன். அங்கே பஞ்சர் கடை அண்ணன் ஒட்டிக் கொடுத்துவிட்டார், ஆனால் என் டியூபில் இருப்பது ப்ரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு, அதற்கு அவருடைய காற்றுக் குழாய் பொருந்தவில்லை. இப்போது டியூப் பழைய சாக்ஸுக்குள் இருக்கிறது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும் பையிலேயே கிடக்கிறது.

மல்டி டூலில் செயின் கட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே உங்கள் செயினின் ஸ்பீடுக்கு (பின்சக்கர கியர் எண்ணிக்கைக்கு) ஏற்ற குயிக் லிங்க், அதாவது அறுந்த செயினை இணைக்கும் கண்ணி. டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர் துண்டு ஒன்று.

தண்ணீர் மூன்று லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்வேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். வேண்டியபோது கலக்க ஒரு தனி பாட்டில் உண்டு.

புதர்க்காட்டில் பாம்பு பற்றியும் யோசித்தே ஆக வேண்டும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அந்த மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நாங்கள் சுற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தினர். 1978-ல் தொடங்கப்பட்ட சங்கம் அது. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மற்றபடி பேண்டேஜ், கிருமிநாசினி, விசில், முழு சார்ஜோடு போன். ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டை ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கிறேன். கிளம்பும் முன் எந்த ஏரிப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிடுவேன்.