கேள்வி-பதில்: மின்சாரமும் காந்தமும் விற்பவர்கள்

கேள்வி: 2,000 வாட் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் அது உருகிவிட்டது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவாரா?

பதில்: தரமாட்டார். 2,000 வாட்டை வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்னோட்டம் வருகிறது. நீங்கள் வாங்கிய பெட்டியின் மேலேயே 6 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், தாங்கக்கூடியதைப் போல இருமடங்கு வெப்பத்தை அதில் ஏற்றியிருக்கிறீர்கள். வீடு பற்றி எரிந்திருக்கும். அடுத்த முறை படித்துவிட்டுச் செருகுங்கள்.

கேள்வி: பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று சொல்லி, வீடு தேடி வந்த ஒருவர் என் தாயாரிடம் 1,800 ரூபாய்க்கு ஒரு பெட்டியை விற்றார். ஆம்பியர் குறைவதை அவருடைய கருவியில் காட்டினார். கட்டணமோ குறையவில்லை.

பதில்: தாயாரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவர் கண்ணால் கண்டதையே நம்பினார், அந்தக் காட்சியும் உண்மைதான். பெட்டிக்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னாற்றலைச் சிறிது நேரம் தேக்கிவைத்துத் திருப்பித் தரும் உறுப்பு. மோட்டார் உள்ள கருவிகள், தம் சுருளில் காந்தப்புலத்தை உண்டாக்குவதற்காகச் சிறிது ஆற்றலை வாங்கி, மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கெப்பாசிட்டர் பக்கத்திலேயே முடித்துவைப்பதால் மெயின் கம்பியில் ஆம்பியர் குறைகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் ஆம்பியருக்கு அன்று, யூனிட்டுக்கு: 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட். திரும்பிப் போன ஆற்றல் அந்தக் கணக்கில் முன்பும் சேரவில்லை என்பதால், மிச்சப்படுத்த அங்கே எதுவுமே இல்லை. திறன் காரணி (வாங்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைந்தால் அபராதம் கட்டும் தொழிற்சாலைக்குக் கெப்பாசிட்டர் உண்மையிலேயே பயன்படும். அந்த உண்மையைத் திருடி, பகலில் தனியாக இருக்கும் முதியவர்களிடம் பொய்யாக விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: போர்வெல் நீரின் கடினத்தன்மையைப் போக்கக் குழாயின் மேல் காந்தம் பொருத்தச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், நீரில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் அதனால் வெளியேறுவதில்லை.

கேள்வி: புதிய இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகவில்லை. அடுப்பு பழுதா?

பதில்: பழுதில்லை. அடுப்பின் சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், 1831-இல் ஃபாரடே கண்டறிந்த விதிப்படி, பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டமே பாத்திரத்தைச் சூடாக்குகிறது. காந்தம் ஒட்டாத, மின்தடையும் குறைந்த அலுமினியத்தில் போதிய வெப்பம் பிறப்பதில்லை. எவர்சில்வர் எல்லாமே ஒத்துவரும் என்று நம்பி நான் வாங்கிய ஐந்து பாத்திரங்களில் மூன்று இன்றும் பரணில் கிடக்கின்றன. கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுபோய், பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடிக்காவிட்டால் வாங்காதீர்கள்.