ஈ.பி.கியூ: கட்டுரைக்கு மட்டும் மார்க் இல்லை

இங்கிலாந்தில் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) படிக்கும் பிள்ளைகள் தாமே ஒரு தலைப்பை எடுத்துச் செய்யும் ஈ.பி.கியூ (Extended Project Qualification) ப்ராஜெக்ட் பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்கள் ஏ.கியூ.ஏ (AQA) என்ற தேர்வு வாரியத்தின் விதிகளை ஒட்டியவை. வேறு வாரியமானால் சொல் அளவும் படிவங்களும் மாறும். பள்ளியில் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் 5,000 சொற்களில் நல்ல கட்டுரை எழுதி முடித்துவிட்டான். ஆசிரியரோ "இப்படியே கொடுத்தால் சி கிரேடுதான்" என்கிறார். கட்டுரையில் என்ன குறை?

கட்டுரையில் குறையே இல்லாமலும் இருக்கலாம். மொத்தம் 50 மார்க். திட்டமிட்டு நடத்தியதற்கு 10, மூலங்களைத் தேடிப் பயன்படுத்தியதற்கு 10, வேலையைச் செய்து முடித்ததற்கு 20, திரும்பிப் பார்த்து மதிப்பிட்டதற்கு 10. கட்டுரை பெரும்பாலும் அந்த 20க்குத்தான் சாட்சி. திட்டமிடலுக்கும் மீளாய்வுக்கும் மார்க் போட ஆசிரியர் பார்ப்பது புரொடக்‌ஷன் லாக் என்ற பதிவேட்டை. முன்மொழிவு, திட்டமிடல் மீளாய்வு, இடைக்கால மீளாய்வு, முடிவு மீளாய்வு, விளக்கவுரைப் பதிவு, கடைசியில் சுய மதிப்பீடு என்று அது போகும்.

பலர் இதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். அது வாசித்தவுடனே தெரிந்துவிடும்: எல்லாப் பக்கமும் ஒரே குரலில் இருக்கும், எல்லாம் நினைத்தபடியே நடந்திருக்கும். நிஜ வேலை அப்படி நடக்காது. "புத்தகங்கள் வாசித்தேன், பயனுள்ளதாக இருந்தது" என்ற வரிக்கு ஒன்றும் கிடைக்காது. "40 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினேன், 11 பேரே பதில் தந்தார்கள், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதால் மூன்று நேர்காணலுக்கு மாறினேன், இரண்டு வாரம் தள்ளிப்போனது" என்று எழுதினால் சிக்கல், முடிவு, காரணம் மூன்றும் தெரிகின்றன. திட்டம் தவறியதற்கு மார்க் குறையாது. தவறியதைப் பார்த்து என்ன செய்தான் என்பதற்குத்தான் மார்க்.

இப்போது பழைய தேதி போட்டு எழுத வேண்டாம். அது முறைகேடு. பழைய வரைவுகள், ஆசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், போனில் எடுத்த குறிப்புப் படங்கள் என்று தேதியோடு இருப்பவற்றைத் திரட்டி, அவற்றை வைத்துச் சுய மதிப்பீட்டை நேர்மையாக எழுதட்டும்.

மகள் யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றிச் செய்ய விரும்புகிறாள். தமிழ் நூல்களை ஆதாரமாகக் காட்டலாமா? தலைப்பு சரியா?

காட்டலாம். ஆனால் ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். மேற்கோளின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்து, மொழிபெயர்த்தது தானா அப்பம்மாவா என்பதையும் குறிப்பிட வேண்டும். பழைய இதழ்களும் நூல்களும் 'நூலகம்' (noolaham.org) என்ற மின்னூலகத் தளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு மூலத்தையும் யார், எப்போது, எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்று எடைபோட்டு இரண்டு வரி எழுதினால் மூலங்களுக்கான 10 மார்க்கில் நல்ல பங்கு கிடைக்கும். வெறும் நூற்பட்டியல் போதாது.

"யாழ் நூலகத்தின் வரலாறு" தலைப்பாகாது. விவரித்துக்கொண்டே போகலாம், எதையும் நிறுவ முடியாது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்த இழப்பை எண்பதுகளின் ஆங்கிலப் பத்திரிகைகளும் தமிழ்ப் பத்திரிகைகளும் எப்படி வேறுபட்டுச் சொல்லின என்று கேட்டால், 5,000 சொற்களுக்குள் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகிவிடும். ஏ லெவல் வரலாற்றுக்கும் இதே தலைப்பில் ஒப்படை எழுதுகிறாள் என்றால் இரண்டில் ஒன்றை மாற்றத்தான் வேண்டும். ஒரே வேலைக்கு இரு இடத்தில் மார்க் தரமாட்டார்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றத்தையே ப்ராஜெக்டாகக் காட்ட முடியுமா?

நிகழ்ச்சியும் ஏற்கப்படும் வடிவம்தான். கூடவே குறைந்தது 1,000 சொல் அறிக்கை வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். அரங்கேற்றத்தின் உருப்படிகளைத் தேர்ந்து, அமைத்து, சொல்லிக்கொடுப்பவர் குரு. அப்படியென்றால் முடிவுகளை எடுத்தது பிள்ளை அல்ல. பதம் என்ற அபிநய உருப்படி ஒன்றை மட்டும் புதிதாகத் தானே அமைக்கட்டும்: எந்த வரிக்கு எந்த அபிநயம், ஏன், எதைக் கைவிட்டாள் என்பதை லாக்கில் எழுதட்டும், ஒத்திகைகளையும் வீடியோ எடுத்து வைக்கட்டும். மேடைச் செலவு, புடவை, மேளக்காரர் எதுவும் மார்க்கில் சேராது.

சாட்ஜிபிடி பயன்படுத்தினால் பிடித்துவிடுவார்களா?

மறைத்தால்தான் சிக்கல். பயன்படுத்திய கருவியின் பெயர், தேதி இரண்டையும் எழுத வேண்டும். கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் மாற்ற முடியாத வடிவில், உதாரணமாக ஸ்கிரீன்ஷாட்டாக, வைத்திருக்க வேண்டும். எதற்குப் பயன்பட்டது என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்தாலும், அது எழுதிய பத்திக்கு மாணவருக்கு மார்க் கிடைக்காது. தானே செய்த வேலைக்குத்தான் மார்க். டியூஷன் மாஸ்டர் திருத்தி எழுதிக்கொடுக்கும் பத்திக்கும் இதே கணக்கு. "இது என் சொந்த வேலை" என்று கையெழுத்துப் போடுவது பிள்ளை.

கடைசியில் கொடுக்கும் விளக்கவுரையில் (பிரசென்டேஷன்) கட்டுரையைச் சுருக்கிச் சொன்னால் போதுமா?

போதாது. வழக்கமாக 10 முதல் 15 நிமிடம், அந்தத் துறை தெரியாத ஆட்கள் முன்னால். கண்டுபிடித்ததைக் கால்வாசி நேரத்தில் முடித்துவிட்டு, மீதியை எப்படிச் செய்தேன், எங்கே திசை மாறினேன், திரும்பச் செய்தால் எதை மாற்றுவேன் என்பதற்கு ஒதுக்கலாம். பிறகு வரும் கேள்விகளையும் பதில்களையும் ஆசிரியர் லாக்கில் குறித்துக்கொள்வார். ஸ்லைடைப் பார்த்து வாசிக்கும் பிள்ளை அங்கேதான் திணறும்.

யூனிவர்சிட்டிக்கு இதனால் பயன் உண்டா?

பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸின் (UCAS) கணக்கில் ஈ.பி.கியூவின் ஏ ஸ்டாருக்கு 28 புள்ளி, அதாவது ஒரு ஏ லெவல் ஏ ஸ்டாரில் பாதி. சவுத்தாம்டன் போன்ற சில பல்கலைக்கழகங்கள், ஈ.பி.கியூவில் ஏ எடுத்தால் ஏ லெவலில் ஒரு கிரேடு குறைத்துக் கேட்பதுண்டு. எல்லாப் படிப்புக்கும் அல்ல. மருத்துவத்துக்குக் குறிவைக்கும் பிள்ளை ஏ லெவல் பாடங்களிலேயே தடுமாறுகிறது என்றால் ஈ.பி.கியூவுக்குப் போகும் ஏறத்தாழ 120 மணி நேரத்தை அங்கே போடுவது புத்திசாலித்தனம்.