சிப் லேஅவுட்டில் இரண்டு டிரான்சிஸ்டரின் துண்டுகளையும் ஒரே மையத்தைச் சுற்றி அடுக்கும் காமன் சென்ட்ராய்டு போட்டாலே இரண்டும் மேட்ச் ஆகிவிடுமா, அதாவது ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

ஆகாது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆகும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

65 நானோமீட்டர் சிப் தொழில்நுட்பத்தில் ஓர் ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சுற்று). அதன் இன்புட்டில் ஏ, பி என்று ஒரு ஜோடி என்மாஸ் (எலக்ட்ரான் ஓடும் வகை) டிரான்சிஸ்டர், ஆளுக்கு இரண்டு ஃபிங்கர், அதாவது இணையாகக் கட்டிய இரண்டு துண்டு. ஏ-பி-பி-ஏ என்று அடுக்கினேன். த்ரெஷோல்ட் (டிரான்சிஸ்டர் ஆன் ஆகத் தேவையான கேட் வோல்டேஜ்) இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று சீராக ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஏ-வுக்கு 1+4, பி-க்கு 2+3, இரண்டும் 5. ஏ-பி-ஏ-பி என்றால் 4-ம் 6-மாகப் பிசகும். அதுவரை சரி. இடம் மிச்சமாகட்டும் என்று, ஓரத்தில் வேலையின்றிச் சும்மா நிற்கும் டம்மி டிரான்சிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) பூஜ்ஜியமாக இருந்த ஆஃப்செட் (ஜோடியின் வேறுபாட்டால் வரும் இன்புட் பிழை), லேஅவுட்டிலிருந்து எக்ஸ்ட்ராக்ட் செய்து சிமுலேஷன் ஓட்டியதும் ஒரு மில்லிவோல்ட்டைத் தாண்டியது. ரூட்டிங் தப்போ என்று அரை நாள் மெட்டலைத் துழாவினேன். சீனியர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஓரத்துல யாருப்பா நிக்கிறது?" என்றார்.

இரண்டு ஓரத்திலும் ஏ! டிஃப்யூஷன் (டிரான்சிஸ்டர் உட்காரும் சிலிக்கான் பகுதி) முடிகிற இடத்தில் இருக்கும் ஆக்சைடு நிரப்பிய பள்ளம் சிலிக்கானை நெருக்கும். என்மாஸில் எலக்ட்ரான்களின் ஓட்டம் மந்தமாகும். அந்த நெருக்கல் முழுக்க ஏ-வின் தலையில், பி நடுவில் சொகுசாக. மையம் ஒன்றுதான், அக்கம்பக்கம் வேறு. அதே டிஃப்யூஷனை நீட்டி இரு பக்கமும் இரண்டிரண்டு டம்மி வைத்து, கேட்டை கிரவுண்டில் கட்டியதும் ஆஃப்செட் அடங்கியது.

வெல் (அயனிகளைச் செலுத்தி உருவாக்கும் சிலிக்கான் பகுதி) ஓரமும் இப்படித்தான். அப்படிச் செலுத்தும்போது (இம்ப்ளான்ட்) ரெசிஸ்ட் என்ற மறைப்புப் படலத்தின் சுவரில் பட்டுச் சிதறும் அயனிகள் பக்கத்து டிரான்சிஸ்டரின் த்ரெஷோல்டை மாற்றிவிடும். கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஒரு டிரான்சிஸ்டரின் கேட் மேல் மட்டும் மெட்டல் ஓட்டாதீர்கள். இது சிமுலேஷனில் தெரியாது, சிலிக்கான் வந்த பிறகுதான் தெரியும்.

இத்தனையும் செய்தாலும் தற்செயலான வேறுபாடு அப்படியே இருக்கும். பிலிப்ஸில் இருந்த பெல்கிராம் 1989-ல் காட்டியபடி அது பரப்பளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். பாதியாக்க நான்கு மடங்கு பரப்பு வேண்டும். கேட் கெபாசிட்டன்ஸும் கூடவே ஏறும். இந்த வேறுபாட்டை லேஅவுட்காரர் சரிசெய்ய முடியாது, சர்க்யூட் டிசைனரிடம்தான் சண்டை போட வேண்டும்.